பூச்சு பூசாத சூசையப்பர் கோயில்

பிரான்சின் வடமேற்குக் கரையில், செய்ன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் லெ ஆவ்ர் துறைமுகம் இருக்கிறது. கப்பலில் வருகிறவர்களுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடுவது ஒரு சாம்பல் நிறக் கோபுரம். உயரம் 107 மீட்டர். புதிதாக வருகிறவர்களில் பலர் அதைத்தான் ஊரின் கதீட்ரல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கதீட்ரல் வேறு. அது 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய பழைய மாதா கோயில்; போரில் அடிபட்டு, பிறகு பழுது பார்க்கப்பட்டு, 1974இல் லெ ஆவ்ர் தனி மறைமாவட்டம் ஆனபோது ஆயரின், அதாவது பிஷப்பின், கோயிலானது. இந்த உயரமான கோபுரத்துக்குச் சொந்தக்காரர் ஒரு சாதாரணப் பங்கின் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள வட்டாரத்தின்) பாதுகாவலர், இயேசுவின் வளர்ப்புத் தந்தை புனித சூசையப்பர்.

ஒரு பங்குக் கோயிலுக்கு எதற்கு இவ்வளவு உயரம்? பின்னால் ஆயர் கோயிலாகப் போகும் பழைய கோயிலையே குள்ளமாக்கிவிடும் அளவுக்கு ஒன்றைக் கட்ட யார் அனுமதித்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கோயிலின் கட்டடக்கலை கிட்டத்தட்ட முழுவதும் புரிந்துவிடும். அதற்கு 1944 செப்டம்பரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதியே பாரிஸ் விடுதலையாகிவிட்டது. லெ ஆவ்ரில் இன்னும் ஜெர்மன் படை உட்கார்ந்திருந்தது. துறைமுகத்தைக் கைப்பற்ற வந்த நேச நாட்டுப் படைகளுக்காகப் பிரிட்டிஷ் விமானங்கள் செப்டம்பர் 5, 6 தேதிகளில் நகரத்தின் நடுப்பகுதியில் குண்டு மாரி பொழிந்தன. செப்டம்பர் 12இல் ஊர் விடுதலையானபோது, விடுதலையாவதற்கு ஊர் என்று ஒன்று மிஞ்சவில்லை. சுமார் 2,000 பொதுமக்கள் அந்தச் சில நாள்களில் இறந்தார்கள். ஏறக்குறைய 12,500 கட்டடங்கள் போயின. 80,000 பேருக்கு வீடில்லை. குண்டு போட்டது எதிரி இல்லை என்பதுதான் உள்ளூர்க்காரர்களால் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் போன விஷயம். மீட்க வந்தவர்களையே எப்படித் திட்டுவது? அழுகைக்கு முகவரி இல்லாமல் போயிற்று. பழைய சூசையப்பர் கோயிலும் அந்த இரண்டு நாளில் தரைமட்டமானது.

ஊரைத் திரும்பக் கட்டும் பொறுப்பு 1945இல் ஆர்க்கிடெக்ட் ஒகுஸ்த் பெரேயிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 71. பிறந்தது பிரஸ்ஸல்ஸில், 1874இல். அப்பா கட்டட மேஸ்திரி. 1871இல் பாரிஸ் மக்கள் அரசை எதிர்த்து எழுந்த பாரிஸ் கம்யூன் கலவரத்துக்குப் பிறகு நாட்டைவிட்டு ஓடிப்போனவர். பெரே கட்டடக்கலைப் படிப்பை முடிக்காமலே வெளியே வந்து, சகோதரர்களோடு சேர்ந்து குடும்பத் தொழிலான கட்டட கான்ட்ராக்டைப் பார்த்துக்கொண்டவர். இதைச் சொல்லாமல் அவருடைய கட்டடங்களைப் பற்றிப் பேச முடியாது. வரைகிறவரும் கட்டுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் கான்கிரீட்டின் விலை தெரியும், கம்பியின் எடை தெரியும், சென்ட்ரிங் பலகையை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம் என்பதும் தெரியும். பெரேயின் அழகியல் அந்தக் கணக்கிலிருந்து முளைத்தது.

நகரம் முழுவதையும் அவர் 6.24 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தார். சிக்கனமாகப் போட்ட கான்கிரீட் பீம் வசதியாகத் தாங்கும் தூரம் அது. தெருவின் அகலம், வீட்டின் முகப்பு, தூணுக்குத் தூண் இடைவெளி எல்லாம் அந்த அளவிலிருந்து வந்தன. கேட்கும்போது சிறைச்சாலை மாதிரி தோன்றலாம். அளவு ஒன்றாக இருந்தால் பீம்களையும் பலகைகளையும் தொழிற்சாலையில் மொத்தமாக வார்க்கலாம். தற்காலிகக் கொட்டகைகளில் காத்திருக்கும் குடும்பங்களைச் சீக்கிரம் குடியேற்றலாம். கட்டத்துக்குக் காரணம் அந்த அவசரம்.

பெரேக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தூணை மறைக்கிறவன் தவறு செய்கிறான், பொய்த்தூண் வைக்கிறவன் குற்றம் செய்கிறான் என்பது அவர் கருத்து. எது கட்டடத்தைத் தாங்குகிறதோ அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கான்கிரீட்டின் மேல் சாந்து பூசி, அதன்மேல் வண்ணம் அடித்து, கல் மாதிரி காட்டுவதெல்லாம் அவருக்கு ஆகாது. கல்லைப் போலவே கான்கிரீட்டுக்கும் சொந்த நிறமும் சொந்தத் தோலும் உண்டு என்று நம்பினார். லெ ஆவ்ரின் வீடுகளில் பல தூண்களைக் கவனித்தால் மேல்பரப்பைக் கொத்தி எடுத்திருப்பது தெரியும். சிமெண்ட் பால் காய்ந்த மேல்தோலைக் கொத்து சுத்தியலால் நீக்கிவிட்டால் உள்ளிருக்கும் ஜல்லி வெளியே வரும். எந்த ஜல்லி, எந்த மணல் என்பதைப் பொறுத்து இளஞ்சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று நிறம் மாறும். ஊரைச் சாம்பல் என்று திட்டுகிறவர்கள் பெரும்பாலும் பத்தடி தள்ளி நின்று திட்டுகிறவர்கள்.

சரி, கோயிலுக்கு வருவோம். பெரேக்குக் கோயில் கட்டுவது புதிதில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு, பாரிஸுக்குக் கிழக்கே லெ ரேன்சியில், போரில் இறந்தவர்களின் நினைவாக ஒரு மாதா கோயில் தேவைப்பட்டது. பங்கில் பணம் இல்லை. பெரே சகோதரர்கள் 1922, 23இல் கான்கிரீட்டில் அதை மளமளவென்று கட்டி முடித்தார்கள். 11 மீட்டர் உயரத்துக்கு ஒல்லியான தூண்கள். அவற்றின்மேல் மெல்லிய வளைவுக் கூரை. கூரையைத் தூண்கள் தாங்கிவிட்டதால் சுவருக்கு வேலையே இல்லை. அதனால் சுவரை முழுவதும் வார்ப்புக் கான்கிரீட் சட்டங்களாக்கி, ஓட்டைகளில் வண்ணக் கண்ணாடி வைத்தார்கள். கட்டடக்கலை படிக்கிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கப் போகிறார்கள். நமக்கும் அதில் ஒரு தூரத்து உறவு உண்டு. ரேன்சி கோயிலை முன்மாதிரியாக வைத்து டோக்கியோவில் ஒரு மகளிர் பல்கலைக்கழகத்தின் சிற்றாலயத்தை வடிவமைத்தவர் ஆந்தோனின் ரேமண்ட். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வடிவமைத்தவரும் அவர்தான். வெளிச்சுவரில் பூச்சு இல்லாத அந்தக் கான்கிரீட்டைத் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு லெ ஆவ்ர் அவ்வளவு அந்நியமாக இருக்காது.

ரேன்சி முடிந்த கையோடு பெரே இன்னொரு கனவில் இறங்கினார். 1926இல் பாரிஸில் புனித ஜோன் ஆஃப் ஆர்க்குக்கு ஒரு பேராலயம் கட்டப் போட்டி வைத்தார்கள். பெரே வரைந்தது 200 மீட்டர் கோபுரம். தேர்வாகவில்லை. வரைபடம் சுருட்டி வைக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து அந்தச் சுருள்தான் லெ ஆவ்ரில் பாதி உயரத்துக்குக் குறுகி மறுபிறவி எடுத்தது. தோற்றுப்போன பழைய வரைபடத்தைத் தூசு தட்டி, 2,000 பேர் செத்த இடத்தில் வைத்தது சரியா என்று சிலருக்கு உறுத்தலாம். எனக்கு உறுத்தவில்லை. பாரிஸில் அது ஓர் ஆர்க்கிடெக்டின் ஆசை; காலி மனைதான் தேவைப்பட்டது. லெ ஆவ்ரில் அந்த உயரத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. பிரார்த்தனைக்கு உள்ளே வராதவர்களுக்கும், ஊரைவிட்டுக் கப்பலில் போய்க்கொண்டிருப்பவர்களுக்கும் தெரிய வேண்டிய நினைவுச்சின்னம் அது. கலங்கரை விளக்கத்தோடு அதை ஒப்பிடாத ஆளே இல்லை.

1951 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். போரில் அழிந்த சொத்துக்கு இழப்பீடு தரும் 1946ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளைப் போலவே கோயில்களுக்கும் பொருந்தியதால், பிரான்ஸ் முழுவதும் அந்த ஆண்டுகளில் பங்குக் கோயில்கள் வரிசையாக எழுந்துகொண்டிருந்தன. பெரே 1954 பிப்ரவரியில் இறந்துபோனார். கோபுரம் முடிந்ததை அவர் பார்க்கவில்லை. அவரோடு வேலை பார்த்த ரேமோன் ஓதிஜியேயும் மற்றவர்களும் 1957இல் கட்டடத்தை முடித்தார்கள்.

இப்போது உள்ளே போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 40 மீட்டர்ச் சதுரத்தில் ஒரு கனத்த அடித்தளம். அதன்மேல் எட்டுப்பட்டைக் கோபுரம். வாசலைத் தாண்டி நடுவில் வந்து தலையைத் தூக்கினால்தான் விஷயம் தெரியும்: கூரையே இல்லை. ஐரோப்பாவின் சாதாரணக் கோயிலில் கோபுரம் என்பது வாசல் பக்கத்தில் நிற்கும் தனி உறுப்பு. மணி கட்ட உதவும், ஊருக்கு அடையாளமாக இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. இங்கே கோபுரத்துக்குள்தான் கோயில். நடுவில் நின்றால் மேலே 80 மீட்டருக்கும் அதிகமான வெற்றுவெளி. ஓரமாக ஒரு சுழல் படிக்கட்டு ஏறிப் போவது தெரியும். மேலே போகப் போக அது நூல்கண்டு மாதிரி சிறுத்துவிடும்.

அவ்வளவு பாரமும் எப்படிக் கீழே வருகிறது என்பதைப் பெரே ஒளித்துவைக்கவே இல்லை. சதுரத்தின் நான்கு மூலைப் பக்கத்திலும் நான்கு நான்காக, மொத்தம் 16 தூண்கள். நான்கு தூண்கள் சேர்ந்து ஒரு மேசையின் கால் மாதிரி. கஷ்டம் அதற்கு மேலேதான். கீழே சதுரம், மேலே எண்கோணம். எண்கோணத்தின் எட்டு மூலைகளும் தூண்களுக்கு நேர் மேலே வந்து உட்காராது. பழைய காலமாக இருந்தால் மூலைகளில் கல் வளைவு கட்டி மெதுவாக வட்டத்துக்கு நகர்த்துவார்கள். மேலே சாந்து பூசி ஒரு தேவதையை வரைந்தும் விடுவார்கள். பெரே சாய்வான கான்கிரீட் உத்திரங்களைத் தூண்தலைகளிலிருந்து உள்நோக்கிக் கிளப்பினார். மரக்கூரைக்குக் கொடுக்கும் முட்டு மாதிரி, ஒவ்வொன்றும் மேலேயுள்ள பாரத்தில் தன் பங்கை வாங்கிச் சாய்வாகக் கீழே கடத்துகிறது. கீழே நின்று விரலால் காற்றில் கோடு போட்டபடி பாரம் இறங்கி வரும் வழியைப் பின்தொடரலாம்: கோபுரச் சட்டம், வளையம், சாய்வு முட்டு, தூண், தரை. படித்த எஞ்சினியர் தேவையில்லை.

எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் பிடித்த இடமும் அந்தச் சாய்வு முட்டுகள் கூடும் இடம்தான். அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை; கொஞ்சம் முரடாகவே இருக்கிறது. பெரே மற்ற இடங்களில் கிரேக்கக் கோயில் மாதிரி ஒழுங்கான ஆள். நேர்த்தூண், நேர்விட்டம், அளவான இடைவெளி. இங்கே மட்டும் பாரம் அவரை வளைத்திருக்கிறது. ஒழுங்கு குலையாமல் சதுரம் எண்கோணமாகாது என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பீடம், அதாவது குருவானவர் வழிபாடு நடத்தும் மேசை, இருக்கும் இடமும் முக்கியம். கோபுரத்துக்கு நேர் கீழே, நட்டநடுவில். இன்றைக்கு இதைக் கேட்டால் ஒன்றும் தோன்றாது. 1950களின் தொடக்கத்தில் கத்தோலிக்கக் கோயில் என்றால் நீளமான கூடம், கடைசிச் சுவரோரம் பீடம், மக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் திருப்பலி நிறைவேற்றும் குருவானவர். பீடத்தை நடுவில் வைத்தால் குருவானவர் யாருக்கு முதுகைக் காட்டுவது, யாருக்கு முகத்தைக் காட்டுவது என்ற சிக்கல் உடனே வரும். மக்கள் பீடத்தைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பிரான்சிலும் ஜெர்மனியிலும் வழிபாட்டுச் சீர்திருத்தக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதிகாரபூர்வமாக வழி திறந்தது 1962 முதல் 1965 வரை உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடுதான். சூசையப்பர் கோயிலை வழிபாட்டுக்கென முறைப்படி அர்ச்சித்தது 1964இல். அதாவது வரைபடம் போட்டபோது விதிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த கோயில், அர்ச்சிப்பு வருவதற்குள் விதி வந்து கூடச் சேர்ந்துகொண்டது.

பெஞ்சுகளுக்குப் பதிலாக இங்கே மடக்கு நாற்காலிகள். பழைய சினிமா தியேட்டரில் எழுந்தால் பலகை தானாக மேலே மடிந்துகொள்ளுமே, அந்த ரகம், மரத்தில். பெரே 1913இல் பாரிஸில் ஷான்செலிசே நாடக அரங்கைக் கட்டியவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். கோயிலுக்குத் தியேட்டர் நாற்காலியா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எழுந்து நிற்கவும் உட்காரவும் திரும்பத் திரும்பச் சொல்லும் வழிபாட்டுக்கு அது ஒன்றும் மோசமான யோசனை இல்லை. மொத்தப் பங்கும் ஒரே சமயத்தில் எழுந்தால் பலகைகள் மடங்கும் சத்தம் 80 மீட்டர் ஏறி இறங்கும் என்பதுதான் ஒரே தொந்தரவு.

கண்ணாடிக்கு வருகிறேன். கோபுரத்தையும் கீழ்ச்சுவர்களையும் சேர்த்து 12,768 கண்ணாடித் துண்டுகள். செய்தவர் மார்கரித் யூரே. 1895இல் பிறந்தவர், ரேன்சியிலும் பெரேயோடு வேலை பார்த்தவர். ரேன்சியில் மோரிஸ் தெனி என்ற ஓவியர் வரைந்த மாதா காட்சிகளைச் சட்டங்களுக்கு நடுவே பதித்து, சுற்றிலும் வண்ணத்தைப் படிப்படியாக மாற்றிக் கொண்டுபோனார். லெ ஆவ்ரில் காட்சி எதுவும் இல்லை. ஒரு புனிதர் முகம் கூடக் கிடையாது. முழுக்க முழுக்க நிறம்தான். அடிப்படை வண்ணங்கள் ஏழு. அவற்றிலிருந்து பிரிந்த சாயல்கள் ஐம்பது வரை. பொதுவாக வடக்கிலும் கிழக்கிலும் பச்சை, ஊதா போன்ற குளிர்ந்த நிறங்கள். தெற்கிலும் மேற்கிலும் பொன், ஆரஞ்சு போன்ற சூடான நிறங்கள். கீழே அடர்த்தி, மேலே போகப் போக வெளுப்பு.

கடலோர ஊர் என்பதால் வானம் நிலையாக இருக்காது. மேகம் விலகினால் ஒரு பக்கம் பற்றிக்கொள்ளும், மூடினால் அணைந்துவிடும். சாயங்காலம் மேற்குச் சூரியன் தாழும்போது எதிர்ப்பக்கத் தூண்களில் ஆரஞ்சுச் சதுரங்கள் விழுந்து மெல்ல மேலேறும். இங்கேதான் பூச்சு பூசாத கான்கிரீட்டின் அருமை தெரியும். வழுவழுப்பான வெள்ளைச் சுவராக இருந்திருந்தால் வெளிச்சம் ஒரு விளம்பரப் பலகை மாதிரி தட்டையாக விழும். இந்தத் தூண்களின் மேல் சென்ட்ரிங் பலகையின் தடம் அப்படியே இருக்கிறது: பலகைக்கும் பலகைக்கும் நடுவே கலவை கசிந்து இறுகிய மெல்லிய வரம்பு, மரத்தின் ரேகை, முடிச்சு இருந்த இடத்தில் ஒரு சிறு சுழி. வண்ணம் அந்த ரேகைகளில் தட்டித் தடுமாறி நகர்கிறது. கண்ணாடியும் ஊதிச் செய்த ரகம். தடிமன் ஒரே சீராக இருக்காது, குமிழி இருக்கும், கோடு இருக்கும். இரண்டு கரடுமுரடுகள் சந்திக்கின்றன.

சூசையப்பர் தச்சர். கான்கிரீட்டுக் கட்டடம் என்பது முதலில் ஒரு தச்சு வேலை. மரத்தில் ஒரு முழுக் கட்டடத்தைச் செய்து, அதற்குள் கம்பி கட்டி, கலவையை ஊற்றி, இறுகியதும் மரத்தைக் கழற்றி எறிந்துவிடுகிறோம். மிஞ்சுவது தச்சனின் கைரேகை மட்டும். பெரே இதை நினைத்து வைத்தாரா என்று என்னைக் கேட்டால், இல்லை. அழிந்துபோன பழைய கோயிலின் பெயர்தான் புதியதற்கும் தொடர்ந்தது. ஆனால் நல்மரணத்தின் பாதுகாவலர் என்று கத்தோலிக்கர்கள் வேண்டிக்கொள்வதும் அதே சூசையப்பரிடம்தான். நல்ல சாவு கிடைக்காத 2,000 பேருக்கான கோயில் அவர் பெயரில் அமைந்தது தற்செயல் என்றாலும் கனமான தற்செயல்.

இதே போருக்கு மற்ற ஊர்கள் எழுப்பிய கோயில்களோடு வைத்துப் பார்த்தால் லெ ஆவ்ரின் வித்தியாசம் துலங்கும். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1940இல் எரிந்த பழைய கதீட்ரலின் சுவர்களை அப்படியே விட்டு, பக்கத்தில் புதியதைக் கட்டி 1962இல் அர்ச்சித்தார்கள். பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் கோயிலின் உடைந்த கோபுரத்தை இடிக்கத்தான் முதலில் ஆர்க்கிடெக்ட் எகோன் ஐயர்மான் திட்டமிட்டார். மக்கள் கொதித்ததால் அதை நிறுத்திவைத்து, இருபுறமும் நீலக் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பினார். இரண்டு ஊரிலும் காயத்தைக் காட்டித்தான் நினைவூட்டுகிறார்கள். லெ ஆவ்ரில் காட்ட ஒரு உடைந்த சுவர் கூட வைக்கவில்லை. எரிந்த சிலுவை இல்லை. காலியான உயரமும் வெளிச்சமும்தான் இருக்கின்றன. துக்கத்துக்கு இது போதுமா என்பது அவரவர் சுபாவம். எனக்கு இடிபாடுகளைவிட இது அதிகம் பேசுகிறது; இடிபாடு எதை நினைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிடும், வெற்றுவெளி சொல்லிக்கொடுக்காது. நகரம் தன் 500ஆம் ஆண்டைக் கொண்டாடிய 2017இல் ஜப்பானியக் கலைஞர் சிஹாரு ஷியோட்டா இந்த வெளியில் சிவப்புக் கம்பளி நூலால் ஒரு பெரிய சுழலைப் பின்னித் தொங்கவிட்டார். வேறொரு கோயிலில் அது அலங்காரமாகியிருக்கும். இங்கே பார்த்தவர்களில் பலருக்கு ரத்தம் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் ஆரம்பத்தில் பிடித்ததா? இல்லை. பழைய சந்துகளும் மரச்சட்ட வீடுகளும் இருந்த இடத்தில் நேர்த்தெருக்களும் கான்கிரீட்டும் வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? கடலோர ஸ்டாலின்கிராட் என்று கேலிப் பெயர் வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் ஓரிரவு தங்காமல் கப்பலேறிப் போனார்கள். இந்த மனநிலை மாற இரண்டு தலைமுறை ஆயிற்று.

அதனால்தான் கோயிலுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்த தேதி வியப்பாக இருக்கிறது. 1965 அக்டோபரிலேயே அது பிரான்சின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் பதிவாகிவிட்டது. கட்டி முடித்து எட்டு ஆண்டு, அர்ச்சித்து ஓராண்டு. கலவை நன்றாகக் காய்வதற்குள் வரலாறாகிவிட்டது என்று சொல்லலாம். 1913ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தபடி பிரான்சில் இரண்டு படிகள் உண்டு. மேல்படியில் வகைப்படுத்தப்பட்ட சின்னத்தில் ஆணி அடிக்கவும் அரசின் அனுமதி வேண்டும். பட்டியலில் பதிவு என்பது அதற்குக் கீழ்ப்படி. வேலை தொடங்குவதற்கு முன்பே உரிமையாளர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இறந்துபோன ஒரு பெரிய ஆர்க்கிடெக்டின் கடைசிக் கட்டடம் என்ற மதிப்புதான் 1965இல் வேலை செய்தது என்று தோன்றுகிறது. ஊர் முழுவதும் மதிப்புக்குரியது என்ற எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை. அதற்கு 2005 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது யுனெஸ்கோ, பெரே கட்டிய நகரின் நடுப்பகுதியில் 133 ஹெக்டேரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஒரு காலத்தில் திட்டு வாங்கிய கான்கிரீட்டுக்கு இப்போது வழிகாட்டிகள் நுழைவுச்சீட்டு கொடுக்கிறார்கள்; பெரேயின் மாதிரி வீடு ஒன்றைப் பழைய சமையலறைச் சாமான்களோடு சுற்றிக்காட்டுகிறார்கள்.

பாதுகாப்பு என்று எழுதிவிடுவது சுலபம். கான்கிரீட்டைப் பாதுகாப்பது சுலபமில்லை. கடற்கரைக்கு அருகில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. புதிய கான்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கடல் காற்றின் உப்பு இன்னும் வேகமாகக் காப்பை உடைக்கும். காப்பு போனதும் கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். இடம் போதாமல் மேலிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் முடி மாதிரி விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, கடைசியில் ஒரு சில்லு பெயர்ந்து விழும். 107 மீட்டரிலிருந்து உள்ளங்கையளவு சில்லு விழுந்தாலும் விளையாட்டில்லை. அந்தக் காலத்தில் கம்பிக்கு மேல் இன்று வைக்கும் அளவுக்குக் கனமாகக் கான்கிரீட் விடும் வழக்கமும் இல்லை. ஒல்லியான சட்டங்களுக்குள் ஆயிரக்கணக்கான கண்ணாடிகளைப் பிடித்துவைத்திருக்கும் கோபுரத்தில் இது எவ்வளவு பெரிய வேலை என்று பாருங்கள்.

சாதாரணக் கட்டடத்தில் என்ன செய்வோம்? பெயர்ந்த இடத்தைக் கொத்தி, கம்பியின் துருவைச் சுரண்டி, மேலே ரசாயனம் தடவி, புதுக் கலவையால் அடைத்து, கடைசியில் மொத்தமாகப் பூசி வண்ணம் அடித்து மூடிவிடுவோம். ஒட்டுப்போட்டது யாருக்கும் தெரியாது. சூசையப்பர் கோயிலில் அந்தக் கடைசிப் படிதான் செய்யக் கூடாதது. பூசினால் பலகையின் ரேகை போய்விடும். ரேகை போனால் பெரேயின் கோயில் போய்விடும், பட்டியலில் எதைப் பதிவு செய்தோம் என்றே தெரியாமல் போய்விடும். கல் கோயிலாக இருந்தால் சிதைந்த கல்லை எடுத்துவிட்டு அதே சுரங்கத்துக் கல்லை வைக்கலாம். இங்கே மொத்தக் கட்டடமும் ஒரே கல். ஒவ்வொரு ஒட்டுக்கும் அதே நிற மணல், அதே அளவு ஜல்லி, பழைய நிறம் வரும்படி சிமெண்ட் என்று மாதிரிக் கலவைகளைக் கலந்து, வார்த்து, காயவைத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது பொருந்துகிற நிறம் காய்ந்ததும் வெளுத்துவிடும். ஒட்டின் மேல் மரப்பலகையை அழுத்தி ரேகையும் எடுக்க வேண்டும். பக்கத்து ரேகை எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில்.

இவ்வளவும் செய்த பிறகு இன்னொரு கேள்வி பாக்கி நிற்கிறது. எந்த நிறத்துக்குப் பொருத்துவது? 1957இல் பலகையைக் கழற்றியபோது இருந்த வெளிர் சாம்பலுக்கா, அறுபது எழுபது வருட மழையும் உப்பும் துறைமுகப் புகையும் சேர்ந்து கருக்க வைத்த இன்றைய நிறத்துக்கா? முதலாவது என்றால் ஒட்டு பல வருடங்களுக்குப் பளிச்சென்று தெரியும். இரண்டாவது என்றால், அடுத்த முறை கோபுரத்தைக் கழுவும்போது சுற்றிலும் வெளுத்து, ஒட்டுப்போட்ட இடங்கள் மட்டும் கறுப்பாக நிற்கும்.